கஞ்சி

இரவு இரண்டு பத்துக்கு வந்த குழாயை
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
தண்ணீர் கூடிப்போன சர்பத்தின் நிறம்.
லேபிளில் ஓபுலேசு, ஆண், நாற்பத்தொன்று.
பெயரைப் படித்ததும்
கை தானாக என் கோட்டின் கழுத்துப்பட்டைக்குப் போனது.
உள்பக்கம் அவன் எழுதிய எண்,
அழியாத மையில், 217.

ஃபஹாஹீலில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில்
அந்தச் சலவைக்கடை.
கத்ராவின் முனை குவைத்திகளுக்கு
நெற்றிக்கு மேல் கத்திபோல் நிற்க வேண்டும்.
நிற்க வைப்பது அவன் கை.
மக்காச்சோள மாவில் கஞ்சி,
இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பதம் பார்ப்பான்.
ராயசோட்டிக்காரன். தமிழ்,
வேலூரில் ஏழு வருஷம் துணி தேய்த்ததில் வந்தது.

அன்றைக்குத் தூசுக்காற்று.
முப்பதாம் நம்பர் சாலையோரம்
டெலிவரி வண்டி ஒன்று அவன் சைக்கிளைப் பார்க்கவில்லை.
இடுப்பெலும்பு. மண்ணீரல்.
இருந்த ரத்தமெல்லாம் ஏற்றியாயிற்று,
ஜாப்ரியாவிலிருந்து மீதி கிளம்பிவிட்டது என்றார்கள்,
அதே சாலையில், அதே தூசியில்.
அதுவரை குழாய்கள் ஒட்டிப்போகாமல்
எதையாவது ஊற்றி நிரப்ப வேண்டுமே.
அலமாரியில் அந்தப் பைகள் இருந்த காலம் அது:
சோளமாவிலிருந்து எடுத்த கரைசல்.
ஒன்று, இரண்டு, மூன்று.

அழுத்தம் ஏறியது.
"எழுபதிலிருந்து நூறு" என்றார் டாக்டர் ஹெஷாம் போனில்,
குரலில் பாதிச் சிரிப்பு.
கொஞ்சம் பொறுத்து, வேறு குரலில்:
தைத்த இடமெல்லாம் கசிகிறது,
ஊசி போன ஓட்டைகூட.

என் மெஷினில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு ஊசி.
உறையத் தொடங்கும் ரத்தம் ஊசியைப் பிடித்து இழுக்கும்;
திரையில் கோடு இரண்டாகப் பிளந்து
பம்பரம்போல் வயிறு வைக்கும்.
அவன் கோடு ஒற்றையாகவே போனது.
ஐந்து நிமிடம். எட்டு. பன்னிரண்டு.
பதினான்கில் பிளந்தது, மனசில்லாமல்,
வெள்ளரி விதை அளவுக்கு.

நீர்த்துப்போனது மட்டும் காரணமில்லை.
மாவு தட்டணுக்கள்மேல் படிந்து வழுக்க வைக்கிறது,
நூலை நூலோடு முறுக்க விடாமல்
நடுவில் போய் நிற்கிறது.
துணியை விறைக்க வைத்தது
ரத்தத்தை நழுவ விடுகிறது.
இதை எழுத ரிப்போர்ட்டில் கட்டம் இல்லை.
போனில் சொன்னேன்:
மாவை நிறுத்துங்கள். ஃபைப்ரினோஜன் கொடுங்கள்.
பிளாஸ்மா வந்ததும் ரத்தத்தோடு சேர்த்தே ஏற்றுங்கள்.
டெக்னீஷியன் பேசக்கூடாத வாக்கியங்கள்.
ஒரு மூச்சு நேரம் ஹெஷாம் பேசவில்லை.
பிறகு, "சரி."

மூன்றரைக்கு ஒரு குழாய், நாலேமுக்காலுக்கு இன்னொன்று.
எங்களுக்கு ஆளைத் தெரியாது.
குழாய் வருகிறவரை ஆள் இருக்கிறான், அவ்வளவுதான்.
ஆறு மணிக்கு அவன் கோடு
ஏழாம் நிமிடத்தில் வாய் திறந்தது.
டீ வாங்கக் கீழே போனேன்,
கப்பைப் பிடித்த கை ஆடியது.

பதினோராம் நாள் குழாய் வரவில்லை.
வார்டு மாறினால் வராது.
வீட்டுக்குப் போனாலும் வராது.
கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டினால் தெரிந்துவிடும்.
தட்டவில்லை.
கோட்டை வீட்டிலேயே துவைத்தேன், கோணல்மாணலாகத் தேய்த்தேன்,
ஒரு முழுக் கோடைகாலம்.

அக்டோபரில் ஒருநாள் பின்சந்துக்குப் போனேன்.
ஸ்டூலில் உட்கார்ந்து
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
கழுத்துப்பட்டைகளில் எண் எழுதிக்கொண்டிருந்தான்.
"இருநூத்திப் பதினேழா?" என்றான் நிமிராமல்,
கோட்டை மட்டும் பார்த்து.

கஞ்சி வேண்டாம் என்றேன்.

இப்போது நிமிர்ந்தான்.
அவன் கைவேலையைக் குறை சொல்லிவிட்டதுபோல்
முகம் சுருங்கியது.
"கஞ்சி இல்லாட்டி கோட்டு நிக்காது மேடம்."

"பரவாயில்லை" என்றேன். "தொங்கட்டும்."